அம்மாவின் கோப்புக்குப் போட்ட பழுப்பு உறை

அம்மாவின் மருத்துவக் கோப்பு இன்னும் எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில்தான் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அதன் அட்டைக்கு அண்ணன் பழுப்புத் தாளில் உறை போட்டார். பள்ளி திறக்கும் வாரத்தில் எங்கள் இருவர் புத்தகங்களுக்கும் அவர்தான் உறை போடுவார் என்பதால், மடிப்பு ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் அமைந்திருந்தது. அட்டையின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த 'புற்றுநோய்ப் பிரிவு' என்ற சொற்கள் அம்மாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்த உறை. மருத்துவமனை வாசலில் அதே சொற்கள் ஆளுயரப் பலகையில் எழுதியிருந்ததையும், அந்தப் பலகையைக் கடந்துதான் அம்மாவை ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் அழைத்துச் சென்றோம் என்பதையும் அன்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

இதை எழுதுவதற்கு அண்ணனிடமும் அவருடைய மூத்த மகளிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் மருத்துவமனைகளின் பெயர்களையும் விட்டுவிட்டேன். மற்றவை நடந்தபடியே.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. ஆறு மாதமாக வயிறு உப்புசம் என்றும், இரண்டு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டதுபோல் இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் ஓமத்தண்ணீர், பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை, அதன் பிறகு தெருமுனை மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்னொரு கேஸ் மாத்திரை என்று நாள்கள் ஓடின. ஒரு நாள் ரவிக்கை தளர்ந்தும் வயிறு மட்டும் பெருத்தும் இருப்பதை நான்தான் கவனித்தேன். ஸ்கேன் எடுத்ததில் வயிற்றில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. நீரை எடுத்துச் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பயாப்சி எடுத்தார்கள். முடிவு வந்த நாளன்று உதவியாளர் கதவைத் திறந்து, "பேஷண்ட் வெளிய உக்காரட்டும், கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க" என்றார். யாருடைய வயிறோ அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, அண்ணனும் அண்ணியும் நானும் உள்ளே போனோம்.

சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. மருத்துவர் நல்லவர்; படம் வரைந்து அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில் அண்ணன் கைகூப்பிக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டாங்க" என்றார். மருத்துவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, "சரி, நீங்க பாத்துக்குங்க" என்றார். நானும் அங்கேதான் நின்றேன். மறுத்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. பழியை அண்ணன்மேல் மட்டும் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் தனி அகராதியே உருவாயிற்று. புற்றுநோய்க்குக் 'கர்ப்பப்பைக் கட்டி' என்று பெயர். கீமோவுக்குச் 'சத்து டிரிப்ஸ்' என்று பெயர். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது 'மருந்துச் சூடு' என்றோம். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் அண்ணன் கையெழுத்திட்டார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு சுற்று மருந்து ஏறிற்று. மூன்றாவது சுற்றில், பக்கத்து நாற்காலியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "உங்களுக்கு எந்த இடத்துலம்மா கேன்சர்?" என்று வெகு சாதாரணமாகக் கேட்டார். "எனக்கு அதெல்லாம் இல்லை, வெறும் கட்டிதான்" என்று அம்மா பதில் சொன்னார். அந்தப் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அதைப் பற்றி எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தெரிந்தே நடித்தார் என்று சொல்வது எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதாலேயே அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

2018 பிப்ரவரியில் அம்மா காலமானார். அவர் எங்கள் தெருப் பெண்களுக்குள் 20 ஆண்டுகளாகச் சீட்டு நடத்தி வந்தவர். யார் எத்தனைத் தவணை கட்டினார்கள், யார் தள்ளி எடுத்தார்கள், யாருக்கு முன்பணமாகக் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் பாதி ஒரு நோட்டில் இருந்தது, மீதி அவர் மனத்தில் இருந்தது. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். ஊராரின் கணக்கையெல்லாம் நேர்செய்யும் என்னால், என் அம்மாவின் சீட்டுக் கணக்கை இரண்டு ஆண்டுகள் முயன்றும் முழுதாக நேர்செய்ய முடியவில்லை. இரண்டு குடும்பங்கள் இன்றும் எங்களோடு பேசுவதில்லை. உடம்பு சரியானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தோம், அவரும் அதை நம்பி நோட்டை மூடிவைத்திருந்தார். நோயைச் சொன்னால் மனம் உடைந்துவிடும் என்று அஞ்சினோமே தவிர, இருக்கும் நாள்களில் முடிக்க வேண்டிய காரியங்கள் அவருக்கும் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இதைப் பேசும்போதெல்லாம், 'முகத்துக்கு நேரே சொல்வது வெள்ளைக்காரர் வழக்கம், நம் குடும்பங்களுக்கு ஒத்துவராது' என்ற வாதம் தவறாமல் வரும். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் 1961-இல் அமெரிக்காவின் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்வதைத் தவிர்ப்பதாகவே சொன்னார்கள். 1979-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் அதே கேள்வியை வேறு மருத்துவர்களிடம் கேட்டபோது 97 சதவீதத்தினர் சொல்வோம் என்றார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் அந்நாட்டாரின் நெஞ்சுரம் கூடிவிடவில்லை. சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் சிகிச்சை செய்யக் கூடாது என்ற கருத்து வலுப்பெற்றது. ஜப்பானின் பேரரசர் ஹிரோஹிட்டோ 1989 ஜனவரியில் இறந்தது முன்சிறுகுடல் புற்றுநோயால். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயர் வெளியில் சொல்லப்படவில்லை, அவருக்கும் சொல்லப்படவில்லை என்றே செய்திகள் வந்தன. அரண்மனையில் நடந்ததும் எங்கள் வீட்டில் நடந்ததும் ஒன்றுதான்.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வழங்கியது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் உள்நோக்கிச் (லேப்ராஸ்கோபி) சோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக் கூடிய வயதுவந்த ஒருவருக்காக வேறு யார் தரும் ஒப்புதலும், பெற்ற தாயே தந்தாலும், செல்லாது என்றது நீதிமன்றம். அப்படிப் பார்த்தால் அண்ணன் இட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஆனால் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறையைப் படித்தால், நோயின் கடுமையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு, நோயாளியோ உறவினரோ பொறுப்புள்ள நண்பரோ அதை அறிந்திருப்பதை மருத்துவர் உறுதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அந்த 'ஓ'காரங்களின் இடைவெளியில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் நுழைந்துகொள்கின்றன.

இவ்வளவும் அம்மாவோடு முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். அது முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2019-இல் சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, 52 வயதில் மார்பில் கட்டி வந்தது. சித்தி சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். நூறு பிள்ளைகளையும் இரண்டு சமையல் உதவியாளர்களையும் மேய்த்த குரல் அவருடையது. மருத்துவர் முடிவைச் சொல்வதற்கு முன், "உங்களுக்கு என்ன இருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டாராம். பிறகு, "ரிப்போர்ட்ல இருக்கிற எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாராம். "எங்கிட்டயே சொல்லுங்க, இவன் அழுதுடுவான்" என்று பக்கத்தில் இருந்த என் தம்பியைக் காட்டியிருக்கிறார் சித்தி. கெட்ட செய்தி சொல்வதற்கென்று 2000ஆம் ஆண்டில் பெய்ல், பக்மன் என்ற மருத்துவர்கள் சிலரோடு சேர்ந்து வகுத்துக்கொடுத்த ஆறு படிகளில், இந்த இரண்டு கேள்விகளும் இரண்டு படிகள் என்று பிறகு படித்தேன். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது ஒன்று, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது மற்றொன்று. எனக்கு எதுவும் வேண்டாம், மகனிடமே சொல்லுங்கள் என்று சித்தி சொல்லியிருந்தால் அதுவும் அவருடைய உரிமைதான். அம்மாவிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

அந்த மருத்துவர் சித்தியிடம், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் புற்றுநோய் வந்திருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார். "இல்லைங்க. அக்காவுக்குக் கர்ப்பப்பையில கட்டி இருந்துச்சு, ஆபரேஷன் பண்ணாங்க, அப்புறம் உடம்பு தேறாமப் போய்ச் சேர்ந்துட்டா" என்று சித்தி பதில் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவின் காதில் விழுந்துவிடும் என்று பயந்து, அம்மாவின் உடன்பிறந்தவர்களிடமும் நாங்கள் அதே கதையைத்தான் சொல்லியிருந்தோம். அம்மா போன பிறகு அதைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. மருத்துவர் 'குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்று எழுதிக்கொண்டார். அறுவை சிகிச்சை நடந்தது, கரண்ட் வைத்தார்கள், மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள்.

2021-இல், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, தம்பி ஊரில் இல்லாததால் சித்தியோடு மறுபரிசோதனைக்கு நான் போனேன். வேறொரு மருத்துவர், வயதில் சிறியவர், கோப்பைப் புரட்டியபடி அதே கேள்வியைக் கேட்டார். சித்தி அதே பதிலைச் சொன்னார். நான் குறுக்கிட்டு, "அது கட்டி இல்லை டாக்டர், ஓவரி கேன்சர்" என்றேன். சித்தி என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே ஜீன் டெஸ்ட்டுக்கு எழுதியிருப்பாங்களேம்மா" என்றார். மார்பகப் புற்றுநோய் வந்த ஒருவரின் உடன்பிறந்தவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், வயது எதுவானாலும் மரபணுச் சோதனை செய்துகொள்ளச் சொல்வது நடைமுறை. சினைப்பையின் பெரும்பான்மைப் புற்றுநோய்களுக்கு அந்த நோயாளிக்கே சோதனை செய்யலாம். அம்மாவிடம் ஐந்து மில்லி ரத்தம் எடுத்திருந்தால் 2016-இலேயே தெரிந்திருக்கும். ஆனால் என்ன நோய் என்றே சொல்லாத ஒருவரிடம், உங்கள் நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்க்க ரத்தம் வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

சித்தியின் சோதனை முடிவில் பிஆர்சிஏ1 மரபணுவில் நோய்க்குக் காரணமாகும் மாற்றம் இருப்பது தெரிந்தது. மருத்துவமனையில் இதை எல்லோரும் 'பிராக்கா' என்றுதான் சொல்கிறார்கள். இந்த மரபணு உடைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் வேலையைச் செய்வது. ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருந்தால், மற்ற பிரதியும் என்றேனும் கெடும்போது அந்தச் செல்லில் பழுதுபார்க்க ஆளில்லை. தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். பெற்றவர் ஒருவரிடம் இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் வருவதற்கும் வராமல் போவதற்கும் சரிபாதி வாய்ப்பு. சித்தி அந்த ஆண்டே சினைப்பைகளை அகற்றிக்கொண்டார். எங்கள் பொய்யால் அவர் இரண்டு ஆண்டுகள் ஆபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு அறியாமல் நடமாடியிருக்கிறார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார், இங்கே எழுதக்கூடிய சொற்களில் அல்ல.

அடுத்தது அண்ணனும் நானும். ரத்தம் கொடுப்பதற்கு முன் ஆலோசகர் ஒருவர் எங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 44 சதவீதம். இதே போன்ற வேலையைச் செய்யும் இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-இல் மாற்றம் என்றால் 69 சதவீதமும் 17 சதவீதமும். இந்த எண்களை அவர் வாயால் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. நூறு சிறு வட்டங்கள் அச்சிட்ட தாளை எடுத்து, 72 வட்டங்களுக்குப் பென்சிலால் வண்ணம் தீட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார். வண்ணம் தீட்டாத 28 வட்டங்களும் கண்முன் இருந்தபோதுதான், 72 என்பது நாளைக் காலையில் நடக்கப்போவது அல்ல, 80 வயதுவரை நீளும் கணக்கு என்று புத்தியில் உறைத்தது. அவரைப் போன்றவர்கள் நம் மாவட்டங்களில் விரல்விட்டு எண்ணக் கூடிய அளவில்தான் இருக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

எண்களைச் சொல்லியும் ஒருவரை இருட்டில் வைக்கலாம் என்பது நாங்கள் ரத்தம் கொடுத்த அதே ஆண்டில் என் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கை வந்தபோது தெரிந்தது. சோதனைக்கூடத்தில் உறையைக் கையில் கொடுத்தார்கள். 'பைராட்ஸ் 3' என்று எழுதியிருந்தது. மருத்துவரைப் பார்க்க மறுநாள்தான் நேரம் கிடைத்தது. இடைப்பட்ட இரவில், மேமோகிராம் படத்துக்குத் தரும் இந்தக் குறியீடு 0 முதல் 6 வரை போகும் என்பதையும், 6 என்றால் உறுதியான புற்றுநோய் என்பதையும் கண்டுபிடித்து, 3 என்றால் பாதி வழி வந்துவிட்டது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். தொழிலில் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுபோனால் என் முதலாளி திருப்பி எறிந்திருப்பார். மறுநாள் மருத்துவர் சொன்னது: 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, ஆறு மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்துப் பார்த்தால் போதும். இந்த இரண்டு வரியை அந்த உறையின்மேலேயே தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

மருத்துவர்களுக்கே இந்தக் கணக்கு எளிதாக இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜெர்மனியின் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் 160 மகளிர் மருத்துவர்களிடம், மேமோகிராமில் சந்தேகக் குறி வந்த பெண்ணுக்கு உண்மையிலேயே புற்றுநோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று, தேவையான எண்களையெல்லாம் கொடுத்துவிட்டுக் கேட்டார். சரியான விடையைச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். பலர் 80, 90 சதவீதம் என்றார்கள். அவர் காட்டிய வழி எங்கள் ஆலோசகரின் வட்டங்களைப் போன்றதே. 1000 பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது. படம் அவர்களில் 9 பேரைக் காட்டிக்கொடுக்கிறது. நோயே இல்லாத 990 பேரிலும் ஏறத்தாழ 89 பேருக்குத் தவறாகச் சந்தேகக் குறி விழுகிறது. ஆக, சந்தேகக் குறி விழுந்த 98 பேரில் நோய் இருப்பது 9 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு. இதை முன்கூட்டியே கேட்டுவிட்டுச் சோதனைக்குப் போகும் பெண், மறுபடி வரச்சொல்லித் தொலைபேசி வந்தால் பதறாமல் போவார். கேட்காதவர், இரண்டாம் முறை போகாமலேயே வீட்டில் ஒளிந்துகொள்வதும் உண்டு.

சதவீதத்தைக் கண்டால் எதன் சதவீதம் என்று கேட்பது கணக்கு வேலையின் முதல் பாடம். மேமோகிராம் பரிசோதனையால் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைகின்றன என்று முகாம்களில் தரும் துண்டறிக்கைகளில் பார்க்கிறேன். மேலைநாட்டு ஆய்வுகளில், 50 வயதைக் கடந்த 1000 பெண்கள் பத்துப் பதினோரு ஆண்டுகள் பரிசோதனைக்குப் போகாவிட்டால் அந்த நோயால் 5 பேர் இறக்கிறார்கள், போனால் 4 பேர் இறக்கிறார்கள். ஐந்து நான்கானது 20 சதவீதக் குறைவுதான், பொய்யில்லை. ஆனால் 'ஆயிரத்தில் ஒருவர்' என்று கேட்பவரும் '20 சதவீதம்' என்று கேட்பவரும் ஒரே செய்தியைக் கேட்டவர்கள் ஆகமாட்டார்கள். அந்த ஒரு உயிர் பெரிது என்று நினைத்துப் போவோர் போகட்டும், நானும் போகிறேன். தெரிந்துகொண்டு போகட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமலேயே விற்கும் பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. மகளிர் தினச் சலுகை என்று வரும் முழு உடற்பரிசோதனைப் பட்டியலில் 'கேன்சர் மார்க்கர்' என்ற பெயரில் சிஏ 125 ரத்தச் சோதனையையும் சேர்த்திருப்பார்கள். அம்மாவின் நினைவில் நானும் ஒருமுறை பணம் கட்டினேன். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை 2001 முதல் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு இதே சோதனையையோ ஸ்கேனையோ ஆண்டுதோறும் செய்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை என்று 2021-இல் இறுதி முடிவு வந்தது. மாதவிடாய் நாள்களிலும், கருப்பைத் தசைக்கட்டி இருந்தாலும், வயிற்றில் காசநோய் இருந்தாலும்கூட இந்த எண் ஏறும். நோய் வந்தவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க உதவும் சோதனையை, நோயில்லாதவருக்கு நிம்மதி என்று சொல்லி விற்கிறார்கள். 'இயல்பு' என்று வந்த தாளை வைத்துக்கொண்டு, வயிற்று உப்புசத்தைக் கேஸ் என்று விட்டுவிடும் இன்னோர் அம்மா இருக்கக்கூடும்.

மறுபக்கம், பலன் உறுதியாகத் தெரிந்த ஒரு பரிசோதனை, விலை மலிவாக, நம் மாவட்டம் ஒன்றிலேயே நிரூபிக்கப்பட்டிருந்தும் அதைப் பற்றிப் பேச்சில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த ஆய்வு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது, அவ்வளவுதான்; சமையலறை வினிகரில் இருப்பதும் அதே அமிலம். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் 49,311 பெண்கள், ஒப்பீட்டு ஊர்களில் 30,958 பெண்கள். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதைச் செய்வதற்கு அடிப்படையான ஆய்வுகளில் இதுவும் ஒன்று. ஒப்பீட்டு ஊர்களின் பெண்களுக்கு இப்படியொரு பரிசோதனை உண்டு என்பதையும், ஆய்வில் அது தங்களுக்குக் கிடைக்காது என்பதையும் போதுமான அளவு விளக்கினார்களா என்ற கேள்வி, இந்தியாவில் நடந்த இதுபோன்ற ஆய்வுகளைப் பற்றிப் பின்னாளில் மருத்துவ அறவியலாளர்களிடையே பெரிய வாதமாகவே எழுந்தது. அந்த வாதத்தைப் படித்தபோது மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

அண்ணனுடைய முடிவும் என்னுடையதும் ஒரே நாளில் வந்தன. எனக்கு அந்த மாற்றம் இல்லை. மற்றப் பெண்களுக்கு உள்ள அபாயம்தான் எனக்கும். அண்ணனுக்கு இருந்தது. ஆண்களுக்கு இதனால் வரும் ஆபத்து பெண்களைவிட மிகக் குறைவு என்று ஆலோசகர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். மாற்றம் இருந்தால் 25 வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை மார்பக எம்ஆர்ஐ, 30 வயதிலிருந்து மேமோகிராமும் சேர்த்து, 35 முதல் 40 வயதுக்குள் குழந்தைப்பேறு முடிந்த பிறகு சினைப்பைகளை அகற்றுவது என்று ஒரு கால அட்டவணையை அவர் கையில் கொடுத்தார்கள். அண்ணன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாள் இரண்டரை ஆண்டுகள் வெளியே வரவில்லை. நான் கேட்கும்போதெல்லாம், "பாத்துக்கலாம்" என்பார். மூத்தவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "கல்யாணம் முடியட்டும் நாத்தனாரே, வர்ற எடத்துல கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார் அண்ணி. அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஜாதகத்தில் செவ்வாய் இருந்தாலே திருப்பி அனுப்பும் ஊரில், மரபணுவில் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெண்ணை எப்படிக் கட்டிக்கொடுப்பது என்ற கேள்விக்கு என்னிடமும் விடையில்லை. ஆனால் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று முடிவுசெய்ய வேண்டியவள் அந்தப் பெண். அதற்கு முதலில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது அண்ணி அழுதார், அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

2024 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து மூத்தவள் வந்திருந்தாள். 24 வயது முடிந்திருந்தது. மறுநாள் மாலை அண்ணன் என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். நூறு வட்டத் தாள் ஒன்றை ஆலோசகரிடமிருந்து புதிதாக வாங்கி வந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். குரல் இரண்டு இடங்களில் தடுமாறியதைத் தவிர, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார்: தன்னிடம் என்ன இருக்கிறது, அவளிடம் இருப்பதற்கும் இல்லாமலிருப்பதற்கும் வாய்ப்பு சரிபாதி, சோதனை செய்துகொள்வதும் கொள்ளாததும் அவள் விருப்பம். அவள் இடையில் பேசவில்லை. முடிந்ததும், "ரிசல்ட் வர எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள். மூன்று நான்கு வாரம் என்றேன். தங்கைக்கு இப்போதே சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். 19 வயதுதான் ஆகிறது, சொல்லலாம், சோதனைக்கு அவசரமில்லை என்றேன். சிறிது நேரம் வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாட்டிக்கு ஏன்ப்பா இந்த டெஸ்ட் எடுக்கலை?" என்றாள்.

அண்ணன் என் பக்கம் திரும்புவார் என்று எதிர்பார்த்தேன், திரும்பவில்லை. "பாட்டிக்கு என்ன நோய்னே நாங்க சொல்லலைம்மா. நான்தான் சொல்லவேண்டாம்னேன்" என்றார்.

அவள் தாளை மடிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆலோசகரின் எண்ணை என்னிடம் வாங்கி, அங்கேயே நின்று பேசி, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரம் வாங்கினாள். கூட யார் வருவது என்று அண்ணன் கேட்டதற்கு, "நீங்க வாங்கப்பா. ஆனா உள்ள நான் போறேன், நீங்க வெளிய உக்காருங்க" என்றாள்.